குழிக்குள் மோட்டார்

குற்றாலத்தில் சீசன் தொடங்கியும் எங்கள் கைத்தறித் துண்டுக்கு ஆர்டர் வரவில்லை. இந்த வருஷமும் இல்லையென்றால் என் வீட்டுக்காரர் தறியை மூடிவிட்டு, தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டியாக நிற்க வேண்டியதுதான். வருகிறவர்களுக்கெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டும். சொந்த மச்சினன் வந்தால்கூட தறிக்குழியை விட்டு ஏறாத மனிதர் அவர். அந்த வேலையை நினைத்தே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அருவிக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிதான் ஆர்டர் தர வேண்டியவர். மாதிரிக்குக் கொடுத்த துண்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனில் கூப்பிட்டார். "ஓரம் இம்புட்டு நேரா இருக்கே தாயி. இது மிசின் துண்டுல்லா."

ஒழுங்காக நெய்ததற்கு இப்படி ஒரு தண்டனை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வீடியோ கால்ல வாங்க அண்ணாச்சி, காட்டுதேன்" என்றேன்.

எங்கள் ஊர் குத்துக்கல்வலசையில் அன்று மதியமே இருட்டிக்கொண்டு சாரல். டியூப்லைட்டைப் போட்டுவிட்டுப் போனைப் பிடித்தேன். என் வீட்டுக்காரர் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் நெய்தார்.

"கை ஆடுது, சரி. குழிக்குள்ள மோட்டார் கிடக்கோ என்னமோ" என்றார் அண்ணாச்சி.

விடுவேனா? போனைக் குழிக்குள் இறக்கினேன். மிதிபலகையும் என் வீட்டுக்காரரின் கிழிந்த கைலியும் குற்றாலம் வரை போய்ச் சேர்ந்தன.

"ஏட்டி, எதைக் காட்டுத? போனை எடு" என்று இவர் பல்லைக் கடித்தார்.

"சோறு வேணும்னா பேசாம மிதிங்க" என்றேன்.

"காலு சும்மா ஆடுத மாதிரில்லா இருக்கு" என்றார் அண்ணாச்சி.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. லைட்டும் ஃபேனும் நின்றன. போச்சு, எல்லாம் போச்சு என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். என் மேல் இருந்த கோபத்தில் இவருக்கு மட்டும் கரண்டு போனதே தெரியவில்லை. தறி தடக் தடக் என்று ஓடிக்கொண்டே இருந்தது.

"படம் தெரியலயே தாயி. கரண்டு போயிட்டோ?"

"போயிட்டு அண்ணாச்சி."

"பெறவு தறிச் சத்தம் வருதே?"

"மோட்டாருக்குல்லா கரண்டு வேணும். அவியளுக்கு எதுக்கு?"

"சரி, சீசன் முடியுத வரைக்கும் நெய்யுத துண்டையெல்லாம் இங்கன அனுப்பு" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போனை வைத்தார்.

எனக்குக் குதிக்காத குறை. "ஏங்க, கேட்டியளா? ஆர்டர் கிடைச்சிட்டு. நீங்க செக்யூரிட்டி வேலைக்குப் போக வேண்டாம்."

தறி நின்றது. இருட்டில் இவர் முகம் தெரியவில்லை.

"கேட்டேன்" என்றார். குழியில் இருந்தபடியே, "இத்தன வருசமா நெய்யுதேன். நான்தான் நெய்யுதேன்னு ஒருத்தர் நம்பணும்னா ஊருக்கே கரண்டு போகணுமா, ஏட்டி?" என்றார்.