மில்லிகிராமுக்கு வாசல் திறந்தவள்

மருத்துவமனையின் கணினி அறையில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். எதையும் சலிக்காமல் உள்ளே விடமாட்டாள். கேலிக்கு வைத்த பெயர்தான். என்னைக் கேட்டால் பட்டமாகவே கொடுக்கலாம். அவள் கணவர் அதே கட்டடத்தில், குழந்தைகள் வார்டில் நர்ஸ். இவள் எழுதும் நிரல் திரையில் காட்டும் அளவைப் பார்த்துத்தான் அவர் குழந்தைக்கு மருந்து கொடுப்பார்.

ஒரு நாளில் கொடுத்த மருந்தைக் கூட்டிச் சொல்ல மில்லிகிராமுக்கு ஒரு நிரல், மில்லிலிட்டருக்கு அதையே அச்சடித்தாற்போல் இன்னொன்று என்று இருந்தது. ஒன்றைத் திருத்தினால் மற்றது விட்டுப்போகும். இரண்டையும் தூக்கிக் கடாசிவிட்டு எல்லா அளவுக்கும் பொதுவாக ஒன்றை எழுதினாள். அதன் வாசலில் ஓர் இன்டர்ஃபேஸ். எந்தெந்த எண் வகைகள் உள்ளே வரலாம் என்று அதுதான் ஒரு கூட்டம் சேர்க்கும். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த வேலையை மட்டுமே உள்ளே செய்யலாம். முழு எண்ணுக்கும் தசம எண்ணுக்கும் கூட்டத் தெரியுமே என்று இரண்டையும் சேர்த்தாள். மில்லிகிராமை அனுப்பினால், நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டது. மில்லிகிராம் தசம எண்ணில் செய்ததுதான், ஆனால் தனிப் பெயர் வைத்துக்கொண்ட தனி வகை.

திங்கட்கிழமை வார்டில் ஓடியாக வேண்டும். பெயரைக் கழற்றி வெறும் எண்ணாக அனுப்பிவிடலாம் என்ற மேலாளர், சொன்னதோடு நில்லாமல் தானே உட்கார்ந்து கழற்றவும் ஆரம்பித்துவிட்டார்.

"பேரக் கழட்டிட்டா மில்லிகிராமும் மில்லிலிட்டரும் ஒண்ணாயிடும் சார். எதை எதோட கூட்டினாலும் கம்முனு கூட்டிக் குடுத்துடும்" என்றாள்.

மதியம்வரை அவகாசம் கேட்டாள். முடியாவிட்டால் அவர் வழிதான் என்று பேச்சு.

மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பிழைச் செய்தியைக் கடைசிவரை படித்தாள். தசம எண்ணுக்கு முன்னால் '~' என்ற அலைக்கோடு விட்டுப்போயிருக்கலாம் என்று அங்கேயே எழுதியிருந்தது. அந்தக் குறி இருந்தால் தசம எண்ணோடு, அதைக் கொண்டு செய்த எல்லா வகைகளும் கூட்டத்தில் சேரும். ஊரையே சலிப்பவள் முதல் வரியோடு நிறுத்தியிருக்கிறாள். தன்னைத்தானே திட்டிக்கொண்டு குறியைப் போட்டாள். மில்லிகிராம் தன் பெயரோடே உள்ளே போயிற்று.

மேலாளர் கழற்றிய பெயர்களை ஒவ்வொன்றாக மறுபடி மாட்டினாள். ஒரு வரி மட்டும் அடம்பிடித்தது. கூட்டத்தில் எல்லா அளவும் உண்டு, ஆனால் ஒரு கூட்டலுக்குள் ஒரே அளவுதான் வரலாம். அந்த வரியோ காய்ச்சல் மாத்திரையின் மில்லிகிராமோடு அதே மருந்தின் சிரப்பை மில்லிலிட்டரில் கூட்டிக்கொண்டிருந்தது. அன்று காலை மேலாளர் அவசரத்தில் எழுதியது. அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் குனிந்து அந்த வரியைப் படித்தார். "இது என் கைவேலைம்மா. அப்படியே வார்டுக்குப் போயிருக்கும்" என்றார்.

திங்கட்கிழமை மாலை வீடு வந்த கணவரிடம், எப்படி ஓடியது என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நல்லாத்தான் ஓடுது. ஆனா நீ எழுதுனதுன்னு நம்பிட முடியுமா? ஒவ்வொண்ணையும் நானும் ஒரு தடவ கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்" என்றார் அவர்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பாள். அன்று அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.