மூடி மாற்றித் தின்ற சோறு

மகனின் சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பி வந்திருந்தது. மூடியைத் தூக்கியதும் ஊசிப்போன எலுமிச்சம் சோற்று வாடை. உதடு கிழிந்தவன் எப்படித் தின்பான்? கையில் கலர் கலராய்ச் சாதிக் கயிறு கட்டிய பையன்கள், இவன் கையில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து, "நீ எந்த ஆளுலே?" என்று கேட்டு அடித்திருக்கிறார்கள்.

மூடியைக் கழுவும்போது பெரிய டீச்சர் ஞாபகம் வந்தது. வீரகேரளம்புதூர்ப் பக்கம் நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியை. கனிவானவர் என்று நினைத்துவிடாதீர்கள். சாரல் விழுந்தால் எங்களுக்குக் குற்றால ஆசை வரும், அவருக்குப் பிரம்பு ஆசை வரும். மத்தியானம் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் டப்பா மூடியைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துவிட வேண்டும். அடுத்தவன் வீட்டு மூடியில் போட்டுத்தான் சோறு தின்ன வேண்டும். யார் பக்கத்தில் யார் என்பதையும் அவரே தினமும் மாற்றுவார். சில மூடிகளில் கருவாட்டு வாடை வீசும். எங்கள் வீட்டுப் புளிக்குழம்பைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்களோ.

வயலும் வரப்புமான வீடு எங்களுடையது. விஷயம் தெரிந்து அப்பா சண்டைக்குப் போனார்.

"எங்க வீட்டு ஏனத்துல கண்டவனும் திங்கணுமா?"

டீச்சர் நாற்காலியை விட்டு எழவில்லை. "திங்கத்தான் செய்வான் அண்ணாச்சி. பிடிக்கலன்னா டி.சி. தாரேன், கூட்டிட்டுப் போங்க."

பக்கத்தில் வேறு பள்ளி ஏது? அப்பா வீடு வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தார். மறுநாளும் நான் மூடியைக் கொடுத்தேன்.

இப்போது தென்காசியைச் சுற்றித் தடுக்கி விழுந்தால் பள்ளிக்கூடம். மகனுடைய பள்ளி முதல்வரைப் பார்க்கப் போனேன், ஏசி அறையில் இருந்தார். அடித்தது யார் என்றுகூடக் கேட்கவில்லை. கயிறு குடும்ப நம்பிக்கையாம். அதைத் தொட்டால் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்குக் கொண்டு போய்விடுவார்களாம்.

"நீங்களும் ஒண்ணு கட்டி விட்டுருங்க சார். பிரச்சினை தீந்துரும்."

அறுத்தெறிவதல்லவா உங்கள் வேலை என்றேன். சிரித்தார், கோழை. "சரிப்படலன்னா டி.சி. வாங்கிக்கிடுங்க."

அப்பாவுக்கு நீட்டிய அதே டி.சி. இன்று அடி வாங்கியவன் வீட்டுக்கு.

நான் திரும்பி வரும்போது மகன் வாசலில் நின்றான்.

"நம்ம கலரு எதுப்பா?"

டீச்சரின் அந்தச் சாப்பாட்டு வட்டத்தில் யார் எந்த ஆளு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அங்கே ஒருவனும் சோறு தின்றிருக்க முடியாது. டீச்சர் விட்டிருக்க மாட்டார். ஆனால் எங்கள் கலர் எது என்று எனக்குத் தெரிந்திருந்தது.