கருப்பட்டிக் காப்பி நிறம்

பந்தயம் முடிந்த ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி. சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனது. என் ஓட்டக் குறிப்பேட்டில் அதை எழுதி, 'நீர் குறைவு' என்று காரணமும் போட்டேன். மனைவி கலைச்செல்வியிடம் சொல்லவில்லை.

மாநில அளவிலான மாரத்தான் போட்டி அது, நாற்பத்திரண்டு கிலோமீட்டர். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, தூரம், நேரம் எழுதி வருகிறேன். அன்று கிளம்புமுன் மூட்டுவலிக்கு இரண்டு மாத்திரை போட்டதும் அதில் இருக்கிறது. திருப்பரங்குன்றம் சாலையில் கடைசி மூன்று தண்ணீர்ப் பந்தல்களில் நிற்காததும் இருக்கிறது. நின்றால் பத்து விநாடி போகும். எங்கள் குழுவில் பலரும் இப்படித்தான். மாத்திரையை என்னிடம்தான் வாங்குவார்கள்.

திங்கள்: அதே நிறம். செவ்வாய்: வாந்தி, கால் வீக்கம், சிறுநீர் இல்லை. அன்று மாலை கலைச்செல்வி என்னை விளாங்குடியிலிருந்து ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டாள்.

ராப்டோமயோலிசிஸ் (தசை நார்கள் சிதைந்து ரத்தத்தில் கலப்பது) என்றார் மருத்துவர். அந்தக் கழிவு சிறுநீரகங்களை முடக்கியிருந்தது. மாத்திரையும் தாகமும் துணைபோயிருந்தன. குறிப்பேட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க. யார்ட்டயாவது சொன்னீங்களா?"

"பக்கத்துலதான படுத்திருந்தேன்" என்றாள் கலைச்செல்வி. என்னைப் பார்க்கவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்வது). சிறுநீரகம் மறுபடி இயங்கலாம், இயங்காமலும் போகலாம் என்றார் மருத்துவர். எத்தனை நாளில் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் எண் இல்லை.

கூட ஓடும் முருகேசன் கோரிப்பாளையத்திலிருந்து பார்க்க வந்தான். "அம்புட்டு வேகமா ஓடி எங்கண்ணே வந்து படுத்திருக்கீங்க?"

"நான் குடுத்த மாத்திரை மிச்சம் இருக்காப்பா?"

"நீங்க படுத்த அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேண்ணே."

பதினோராம் நாள், அளவுக் குடுவையில் நாற்பது மில்லி சிறுநீர். கலைச்செல்வி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு குறிப்பேட்டை எடுத்து அவளே எழுதினாள்.

ஏழாவது வாரம் டயாலிசிஸ் நின்றது. இப்போது நடக்கிறேன், கடிகாரம் கட்டுவதில்லை. இதைப் படிக்கும் ஓட்டக்காரர்கள் அந்த நிறத்தைக் கண்டால், எழுதிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

குறிப்பேட்டில் இப்போதெல்லாம் குடித்த தண்ணீரின் அளவும் போன சிறுநீரின் அளவும்தான், அவள் கையெழுத்தில். தினமும் காலையில் அடுக்களைக்குப் போய் நிறத்தைச் சொல்கிறேன். அவள் கையைத் துடைத்துவிட்டு எழுதி முடிக்கும்வரை நிற்கிறேன். பத்து விநாடி ஆகிறது.