எரிமலைத் தீவில் ஒரு மாமா

அந்தத் தீவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன, ஆனாலும் "பேரை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று அம்மா போட்ட தடை இன்றைக்கும் நீங்கவில்லை. கரிபியன் கடலில் எங்கோ இருந்தது, நடுவில் ஓர் எரிமலை இருந்தது என்ற அளவில் விட்டுவிடுவோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஒன்பது வயதுச் சிறுமி. மார்ச் விடுமுறை வருவதற்கு முன்னர், யார் யார் எங்கே போகிறீர்கள் என்று எங்கள் வகுப்பு ரீச்சர் கேட்பார். புளோரிடா, கியூபா, மெக்சிக்கோ என்று கைகள் உயரும். ரொறன்ரோவின் ஸ்காபரோ அடுக்குமாடிகளில் இருந்து வருகிற நாங்கள் மேசையில் கோடு கீறிக்கொண்டிருப்போம். அந்த வருடம் நான் எழுந்து நின்று, ஓர் எரிமலைத் தீவுக்குப் போகிறோம் என்றேன். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

எரிமலை விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. தைமாதம்தான் வகுப்பில் எரிமலை செய்து காட்டியிருந்தேன். களிமண்ணில் மலை, அதற்குள் அப்பச்சோடா, மேலே வினாகிரி. குழம்பு சிவப்பாக வரட்டும் என்று அம்மாவின் மிளகாய்த்தூளில் ஒரு கை அள்ளிப் போட்டேன். பொங்கியதென்னவோ அழகாகத்தான் பொங்கியது. முன்வரிசை முழுவதும் தும்மித் தும்மிக் கண் சிவந்துபோய் ஜன்னலைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. ஆகவே இந்தப் பயணம் என் அறிவுத் தாகத்தை மெச்சி அப்பா தருகிற பரிசு என்று நம்பினேன். இரவு வேலை செய்து பகலில் உறங்குகிற அப்பா, பக்கத்தில் இருக்கிற நயாகராவுக்கே ஒரு தடவைதான் எங்களைக் கூட்டிப்போனவர் என்பதை யோசிக்கவில்லை.

உண்மைக் காரணம் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. ஊரில் போர் நடந்துகொண்டிருந்தது. இளம் பெடியன்கள் வீட்டில் இருக்க முடியாத காலம். களவாக ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி மாமா கொழும்பில் விமானம் ஏறினார். இரண்டு கிழமையில் கனடா என்பதுதான் பேச்சு. ஏஜென்சிக்காரன் அவரை நாடு நாடாக இழுத்துக்கொண்டு போய், கடைசியில் இந்தத் தீவில் இறக்கிவிட்டு, "அடுத்த கிழமை அனுப்புறன்" என்றான். அந்த அடுத்த கிழமை வராமலே ஒரு வருடம் ஆகப்போகிறது. கடைசியாகத் தொலைபேசியில் வந்தபோது மாமா, "எனக்குக் காணும் அக்கா, இனி ஏலாது. நான் திரும்பி ஊருக்கே போறன்" என்று சொல்லிவிட்டார். திரும்பிப் போனால் கொழும்பிலேயே பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள், பிறகு தம்பியைக் காணவே முடியாது என்பது அம்மாவின் பயம்.

"ரெலிபோனில கதைச்சு உவனைத் திருத்தேலாது. நேர போய் இரண்டு காதையும் பிடிச்சு முறுக்கினால்தான் சரிவரும்" என்று அம்மா அறிவித்தார். நல்லகாலமாக அந்த வருடம்தான் எங்களுக்குக் கனடாக் குடியுரிமை கிடைத்திருந்தது. உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று கையில் கிடைத்த முதல் கடவுச்சீட்டு, இந்தக் காதைத் திருகுகிற வேலைக்குத்தான் முதன்முதலில் பயன்பட்டது.

சுற்றுலாப் பயணிகள் மாதிரி வர வேண்டும், சந்தேகம் வரக்கூடாது என்று ஏஜென்சிக்காரன் சொல்லியனுப்பியிருந்தான். எங்கள் வீட்டில் ஒருவரும் அதுவரை சுற்றுலாப் பயணியாக இருந்தது கிடையாது. அப்பா குடியுரிமை எடுத்த அன்று போட்ட கோட் சூட்டையும் ரையையும் மாட்டிக்கொண்டார். அம்மா கூறைச்சேலைக்கு அடுத்தபடியான பட்டுச்சேலையை உடுத்தி, அதற்கு மேலே பூப்போட்ட வெயில் தொப்பி ஒன்றை வைத்துக்கொண்டார். விமானத்தில் மற்ற எல்லோரும் அரைக் காற்சட்டையோடு இருந்தார்கள். அவர்களுடைய பைகளில் நீச்சல் கண்ணாடியும் புத்தகமும் இருந்தன. எங்கள் சூட்கேஸில் வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி. வெறுங்கையோடு ஒருவரைப் பார்க்கப் போவது எங்கள் ஆட்களிடம் கிடையாது. அதுவும் மாமா தங்கியிருந்த வீட்டில் அவரைப் போல இன்னும் பல பெடியன்கள் காத்துக் கிடக்கிறார்கள் என்றால், அவர்களுக்கும் சேர்த்துத்தானே கட்ட வேண்டும்?

தீவின் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி சூட்கேஸைத் திறந்து, நீத்துப்பெட்டியை வெளியே எடுத்தார். ஓலையில் பின்னிய கூம்பு. அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தொப்பியா என்று கேட்டார். ஆமாம், தொப்பிதான் என்றார் அப்பா. அதிகாரி அம்மாவின் தலையில் இருந்த தொப்பியையும் பார்த்து, இந்தப் பெண்ணுக்குத் தொப்பி என்றால் உயிர் போலிருக்கிறது என்று எண்ணியிருக்க வேண்டும், முத்திரையைக் குத்திவிட்டார். அப்பா வெளியே வந்து வியர்வையைத் துடைத்தார்.

நான் அண்ணாந்தேன். வீடுகள், அதற்கு மேலே வாழை, அதற்கும் மேலே பச்சைக் காடு, உச்சியில் முகில். எரிமலை! "அம்மா, அங்க பாருங்கோ" என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா வாடகைக் கார்க்காரனிடம் முகவரித் துண்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ரயர் கடை ஒன்றின் பின்னால் இரண்டு அறை வீடு. வெறும் மேலோடு இருந்த ஏழெட்டுப் பெடியன்கள் இடுப்புச் சாரத்தோடு எழுந்து நின்று, சேட்டுத் தேடி ஓடினார்கள். அவர்களுக்குள் எவர் மாமா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இருந்த படத்தில் அவருக்குக் கன்னம் இருந்தது. அம்மாவுக்கும் ஒரு நொடி தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு, எட்டு வருடத்துக்குப் பிறகு தம்பியைக் கண்ட அக்கா, கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று எல்லோரும் பார்த்திருக்க, "உது என்ன தலைமயிர்? வெட்டுறதுக்கு உந்த ஊரில ஆள் இல்லையோ?" என்று சத்தம் போட்டார். சத்தம் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய் ஒரு பாட்டம் அழுதார்.

அடுத்த இரண்டு நாளும் அந்தக் குசினியை விட்டு அம்மா வெளியே வரவில்லை. புட்டு, இடியப்பம், மீன் குழம்பு. சமைத்தபடியே மாமாவிடம் ரொறன்ரோவின் பெருமைகளைச் சொன்னார். எங்கள் வீட்டைப் பற்றி அம்மா சொன்ன பல விஷயங்கள் எனக்கே புதிதாக இருந்தன.

"வீட்டில இருந்து பார்த்தால் ஏரி தெரியும், தம்பி."

அது பொய்யில்லை. பல்கனியில் கதிரை போட்டு ஏறி நின்று கழுத்தை வளைத்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நகமளவு நீலம் தெரியும். நான் இந்த விளக்கத்தைக் கொடுக்க வாயைத் திறந்தேன். அம்மா அதற்குள் ஒரு வடையைத் திணித்தார். மாமா எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். இனிமேல் திரும்பிப் போகமாட்டேன் என்று சொல் என்று அம்மா கேட்டால், "இன்னும் கொஞ்சம் சொதி விடுங்கோ அக்கா" என்பார். அம்மாவின் முகம் நேரத்துக்கு நேரம் வாடிக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் காலை நான் நிலத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். மறுநாள் எங்களுக்கு விமானம். எரிமலைத் தீவுக்கு வந்து எரிமலையைப் பார்க்காமல் போய், ரீச்சருக்கு என்ன முகத்தைக் காட்டுவது? அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சட்டியைப் பார்த்தார். மாமாதான் எழுந்தார்.

"வா பிள்ளை, நான் கூட்டிக்கொண்டு போறன்."

"வெளியில திரியக் கூடாது எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவனெல்லோ?" என்றார் அம்மா.

"சின்னப் பிள்ளையோட போறவனை ஆரக்கா பிடிக்கப் போறான்?"

மினிபஸ் பாதி மலைவரை ஏறியது. மிச்சத்தை நடந்தோம். இத்தனை காலமாகக் கீழே இருந்தும் மாமா ஒருநாளும் மேலே வந்ததில்லை என்பதை அறிந்து எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. எரிமலைக்கு அருகில் வீடு கிடைத்தும் ஒருவர் போய்ப் பார்க்காமல் இருப்பாரா? மேலே போனால் நெருப்பு இல்லை. சாம்பல் நிறச் சேறு குழிகுழியாகக் கொதித்துக்கொண்டிருந்தது, அடுப்பில் கஞ்சி கொதிப்பது போல. கூழ்முட்டை நாற்றம். வெள்ளைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தார்கள். எனக்கு அந்த நாற்றமே பெருமையாக இருந்தது. அது கந்தகம் என்று மாமாவுக்கு அறிவித்தேன். கீழே பாறை உருகிக் கிடக்கிறது, அது தண்ணீரைச் சூடாக்குகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"உது எப்ப வெடிக்கும்?" என்று மாமா கேட்டார்.

"தெரியாது மாமா. நாளைக்கும் வெடிக்கலாம். ஆயிரம் வருசத்துக்கு வெடிக்காமலும் இருக்கும்."

"அப்ப கீழ இருக்கிற சனம் என்ன செய்யுது?"

"இருக்கினம். வாழை நடுகினம்."

மாமா சிரித்தார். வந்ததில் இருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "எங்கட ஊர்ச் சனம் மாதிரித்தான்" என்றார்.

வேலிக் கட்டையில் இருவரும் உட்கார்ந்தோம். மாமா ஒரு குச்சியால் மண்ணைக் கிளறியபடி, "உங்கட வீடு அக்கா சொன்ன மாதிரியோ?" என்று கேட்டார்.

வடையும் இல்லை, அம்மாவும் இல்லை. நான் உள்ளதைச் சொன்னேன். படுக்கையறை ஒன்றுதான், நான் ஹோலில் சோபாவில் படுக்கிறேன். கரப்பான் பூச்சி இருக்கிறது. அப்பா பகலில் நித்திரை கொள்வதால் ரீவியைச் சத்தமில்லாமல்தான் பார்க்க வேண்டும். அம்மா கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை, குளிர் அறையில் நின்று நின்று விரல்கள் மடங்காது, காலையில் நான்தான் சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பேன்.

மாமா கிளறுவதை நிறுத்திவிட்டார். "அப்ப எனக்கு அங்க எங்க இடம்?"

அந்தக் கேள்வி எனக்கு வசதியாகப் போய்விட்டது. நெடுநாளாக மனதில் இருந்த முறைப்பாடு ஒன்று இருந்தது. "அதுதானே! வாசல் அலுமாரியில என்ர ஸ்கேற்ஸ் வைக்க இடமில்லை. முழுக்க உங்கட சாமான்" என்றேன்.

"என்ர சாமானோ?"

"ஓம். உங்கட வின்ரர் கோட். நீலம். விலைத் துண்டு இன்னும் அதிலயே தொங்குது. பூட்ஸ், கையுறை, போர்வை, தலகாணி. ஒருத்தரும் தொடேலாது. அப்பான்ர கோட் சிப் உடைஞ்சு போச்சு, அவர் தை மாதக் குளிர் முழுக்கக் கோட்டை ஊசியால குத்திக்கொண்டு வேலைக்குப் போனவர். அதுக்கும் அம்மா உங்கட கோட்டைக் குடுக்கேல்லை. ஒருநாள் அளவு பாக்க மட்டும் போட விட்டவா. நீங்கள் அப்பாவை விட ஒல்லி எண்டு சொன்னவா."

மாமா எழுந்து போய் வேலியைப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற குழியையே பார்த்தபடி நின்றார். மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், அவர் அசையவில்லை. கடைசியில் மாமாவுக்கும் எரிமலையில் ஆர்வம் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்துபோனேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா புட்டைப் போட்டுவிட்டு, கடைசி முயற்சியாக ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் மாமா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி, "எனக்கு நீலம் பிடிக்காது அக்கா" என்றார்.

அம்மா திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அப்பாவின் பின்னால் ஒதுங்கினேன். அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். அம்மாவின் முகம் கோணி, நேராகி, மறுபடியும் கோணியது.

"பிடிக்காட்டி வந்து மாத்து" என்றார் அம்மா. "பில் வைச்சிருக்கிறன்."

"ம்" என்றார் மாமா. "வாறன்."

அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாகத் தம்பியின் தலையைத் தடவினார். பெரியவர்கள் ஒரு கோட்டின் நிறத்துக்காக ஏன் இந்தப் பாடு படுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மாமா வந்து சேர்ந்தது அடுத்த வருடம் ஆடி மாதத்தில், ஸ்காபரோ வெயிலில் தார் உருகிய ஒரு நாளில். கோட் அவருக்குத் தொளதொளவென்றுதான் இருந்தது, ஆனால் அதை அவர் மாற்றவில்லை. மற்றப் பெடியன்களில் இருவரைப் பிற்காலத்தில் ஸ்காபரோவின் தமிழ்க்கடைப் பிளாசாவில் கண்டதாகச் சொன்னார். மிச்சப் பேர் எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியாது.

அந்தப் பெடியன்களைத்தான் நான் இன்றும் அடிக்கடி நினைக்கிறேன். அன்று பின்னேரம், சாப்பாடு முடிந்து எல்லோரும் நிலத்தில் உட்கார்ந்திருந்தோம். எரிமலையை நேரில் பார்த்து வந்தவள் நான். கேள்விகளுக்கு ஆயத்தமாகச் சம்மணம் கட்டி இருந்தேன். அலுமாரிச் சாமான் கதையை மாமா அவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும். ஓர் அண்ணை மெதுவாகக் கிட்ட வந்து, "பிள்ளை, அந்தக் கோட் உள்ளுக்கும் பொக்கற் வைச்சதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். இன்னொருவர், தலையை மூடுகிற தொப்பி அதிலேயே சேர்ந்திருக்கிறதா என்றார். மூன்றாமவர் பூட்ஸின் நிறத்தைக் கேட்டார். தலகாணிக்கு உறை போட்டுத்தான் வைத்திருக்கிறாவோ என்று கதவோரம் இருந்த ஒருவர் கேட்டார். போட்டுத்தான் இருக்கிறது, மஞ்சள் பூ என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு, "அந்த அலுமாரியைத் திறந்தால் முதல் என்ன தெரியும்? முதலில இருந்து சொல்லு பார்ப்பம்" என்றார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

லாவாவும் கந்தகமும் தெரிந்த ஒருத்தி நடுவில் இருக்கிறேன். தலைக்கு மேலே அவ்வளவு பெரிய எரிமலை நிற்கிறது. அதைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளிரே இல்லாத ஊரில் இருக்கிறவர்களுக்குக் கோட் புதினமாக்கும் என்று எண்ணிக்கொண்டு, நான் அலுமாரியின் கதவில் இருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினேன்.