பெரட்டுக்களத்தில் பதினாறு பேர்

கூட்டம் எப்படி முடிவெடுக்கிறது என்பதுதான் நான் பல்கலைக்கழகத்தில் செய்யும் ஆராய்ச்சி. பௌதிகம் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார்கள். காந்தத்துக்குள் ஒவ்வோர் அணுவும் பக்கத்து அணு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துத்தான் தானும் திரும்பும். மனிதர்களும் பெரும்பாலும் அப்படித்தான். மற்றவர் என்ன செய்வார் என்று யோசித்து நம் அடியை வைக்கும் ஆட்டக் கோட்பாட்டையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால், கணினித் திரையில் ஆயிரம் புள்ளிகளை அங்கும் இங்கும் ஓடவிடலாம். புள்ளிகள் என் பேச்சைக் கேட்கும். அந்தத் திமிரோடுதான் போன வருடம் விடுமுறைக்கு, பசறைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்குப் போனேன்.

அம்மா கொழுந்து எடுக்கிறாள். அவளோடு சேர்த்து அந்தக் கூட்டத்தில் பதினாறு பெண்கள். திங்கட்கிழமை அவர்கள் ஏற வேண்டிய தேயிலை மலையில், ஒரு மரத்தில் பானை அளவுக்குக் குளவிக்கூடு தொங்கியது. எடுக்கச் சொல்லி ஆபீஸில் சொல்லியாயிற்று. "பாப்போம்" என்று பதில் வந்ததோடு சரி. குளவி கொட்டிச் செத்தவர்களை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அந்த மலைக்கு ஏறக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் குறி.

"போகாதம்மா" என்றேன்.

"எல்லாரும் போகலன்னா நானும் போகல. நா மட்டும் நின்னா பேர் போடுவாங்களா?"

பேர் என்றால் ஒரு நாள் வேலை. பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது.

ஞாயிறு மத்தியானம் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், வீடு வீடாக ஏறி இறங்கினேன். பதினைந்து பேரும் அம்மா சொன்னதையே சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணை, ரத்த உறவு இல்லாவிட்டாலும், சித்தி என்றுதான் கூப்பிடுவேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டே சிரித்தாள்.

"ஒங்கம்மா நின்னா நா நிப்பேன். ஒங்கம்மா போனா நா போவேன். எனக்குன்னு தனியா ஒரு மூள இருக்கா என்ன?"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பதினாறு பேருக்கும் போக இஷ்டமில்லை, ஆனால் ஒருத்திக்கு மற்றவள் மனது தெரியாது. தெரிந்துவிட்டால் முடிந்தது. திரும்பவும் ஒரு சுற்றுப் போய், "எல்லாரும் நிக்கிறாங்களாம்" என்று ஒவ்வொருத்தி காதிலும் போட்டேன். கூட்டத்தைப் படிக்கிறவள் கூட்டத்துக்குள் கையை விடக் கூடாது என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். பெற்ற தாய் விஷயத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

திங்கள் காலை பெரட்டுக்களத்துக்கு, அதாவது ஆளெடுத்து வேலைக்குப் பிரிக்கும் இடத்துக்கு, நானும் போய் மேட்டில் நின்றேன். கங்காணி மலையின் நம்பரைச் சொன்னார். ஒருத்தியும் அசையவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் கோபப்படவில்லை, தணிந்த குரலில்தான் கேட்டார்.

"இத யாரு சொல்லிக் குடுத்தது?"

எல்லோரும் குனிந்துகொண்டார்கள். இரண்டு மூன்று பேரின் கண்கள் மட்டும் ஒரு கணம் என் பக்கம் வந்து போயின. உடனே அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். பின்னால் சித்தி. அதற்குப் பிறகு எல்லோரும். "அம்மா" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. ஒருவர் அசைந்தால் போதும், மற்றவர்கள் வந்துவிடுவார்கள் என்பதுதான் என் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பத்து மணிவாக்கில் கூடு கலைந்தது. தோட்டத்து லொறியில் ஒன்பது பேரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பின்னால் பஸ்ஸில் போனேன். ஒவ்வொரு வளைவிலும் பஸ் நின்று ஆள் ஏற்றியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்குச் செய்ய எதுவும் இல்லை.

அம்மாவின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. சித்தியை அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள்.

"ஏம்மா போன?"

"ஆள நிப்பாட்டுனது நீன்னு தெரிஞ்சா சும்மா விடுவாங்களா? கேம்பஸுக்கு எழுதிப் போட்டு ஒன் படிப்ப நிப்பாட்டிருவாங்க."

"அப்பிடியெல்லாம் எழுத முடியாதும்மா."

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

உண்மைதான். பதினாறு வீட்டுக்கும் என்னென்னவோ சொன்னேன், இதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் சித்தி போய்விட்டாள். மத்தியானம் அவள் கணவர் எங்கள் வார்டுக்கு வந்து அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். அழவில்லை. கையில் அவளுடைய செருப்பு இருந்த பையை வைத்திருந்தார்.

"பாப்பா, நீ மேட்டுலதான நின்ன. மொதல்ல யாரு கெளம்புனது? அவளாத்தான் இருக்கும், இல்ல? எதுக்கும் முந்துவா."

"கவனிக்கல சித்தப்பா" என்றேன்.

கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. உதடு வீங்கியிருந்ததால் சொல் குழறியது.

"நாந்தான் தம்பி."

அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

"சரிக்கா, படுங்க" என்று எழுந்துகொண்டார்.

வாசல்வரை அவரோடு போனேன். அம்மா ஏன் முதலில் நடந்தாள் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். "அம்மாவப் பாத்துக்க" என்று சொல்லி அவர் படியிறங்கும்வரை நான் வாய் திறக்கவில்லை.