திராட்சை வண்டியில் வந்த வாஷிங் மெஷின்

என் அக்காவைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மச்சானுக்குத் துறைமுகத்தில் வேலை. கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கல்யாணமான புதிதில் அக்கா போன் பண்ணினால் கடல், கப்பல் என்று பேசி எங்களை ஏங்க வைப்பாள். போகப் போக அவள் பேச்சு முழுக்கத் துருவைப் பற்றியே ஆகிவிட்டது. கேட் துருப்பிடித்துவிட்டது, ஜன்னல் கம்பி உரிகிறது, பீரோ பூட்டு திறக்கமாட்டேன் என்கிறது. கடைசியில் ஒருநாள் வாஷிங் மெஷின்.

மெஷின் என்றால் என்னைத்தான் கூப்பிடுவாள். கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற ரோட்டில் எங்களுக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை இருக்கிறது. வீட்டுக்காரர் கிணற்று மோட்டார் பார்ப்பார். அவர் தோட்டந்தோட்டமாகப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்த நான், சும்மா இருக்க முடியாமல் காயில் சுற்றக் கற்றுக்கொண்டேன். பிறகு வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் வந்தது. முதல் மெஷின் ரிப்பேருக்கு வந்த அன்று அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது துணி சம்பந்தப்பட்டது, நீயே பாரு" என்று தள்ளிவிட்டார். அதிலிருந்து அந்த வேலை எனக்கென்று ஆகிப்போனது.

எங்கள் பக்கத்து மெஷின்களுக்கு என்னென்ன சீக்கு வரும் என்று எனக்கு அத்துபடி. எலி வயரைக் கடித்திருக்கும். போர் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகப் படிந்து குழாயை அடைத்திருக்கும். ஆடிக் காற்று உள்ளே ஒரு கூடை மண்ணைக் கொட்டியிருக்கும். திராட்சைக்கு மருந்தடித்த சட்டைப் பையில் மறந்துபோன மயில்துத்தக் கட்டி கரைந்து, குடும்பத்துத் துணி மொத்தமும் நீலமாகியிருக்கும். ஆனால் துரு அரித்துச் செத்த மெஷினை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இங்க வந்து பாத்த ஆளு தூக்கிப் போடச் சொல்லிட்டாருடி" என்றாள் அக்கா. "அடிப்பக்கம் அப்பளமா நொறுங்குது."

"அப்பத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குக்கா."

"நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு! உன் வாயில இந்தப் பேச்சு வரலாமா?"

அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. அந்த வீட்டில் மற்றதெல்லாம் மச்சான் வாங்கியது, அல்லது மாமியார் காலத்துச் சாமான். அந்த மெஷின் மட்டும் அக்கா ஜாக்கெட் தைத்துச் சேர்த்து வாங்கியது.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில் திராட்சை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி மார்க்கெட்டுக்குப் போவார். திரும்பும்போது வண்டி காலியாக வருவதைவிட ஏதாவது ஏற்றி வந்தால் நல்லது என்பார். அவரிடம் சொல்லிவைத்தேன். மெஷின் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உப்புக் காற்றில் வீணாய்ப் போன மெஷினை, ஆடாமல் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் உப்பு மூட்டை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார் அண்ணன்.

"ஒரு கீறல் விழல பாத்துக்க!" என்றார் பெருமையாக.

மூடியைத் திறந்தேன். குப்பென்று வாடை. உள்ளே பேப்பர் சுற்றிய பெரிய பொட்டலம். எங்களுக்கென்று அக்கா கருவாடு வாங்கி வைத்து அனுப்பியிருக்கிறாள். தெருநாய்கள் கடை வாசலைவிட்டு நகரவே இல்லை.

பின்பக்கத் தகட்டைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஸ்க்ரூ தலைகள் எல்லாம் மொழுமொழுவென்று தேய்ந்து கிடந்தன. அடிப்பாகம் கையோடு வந்தது. கண்ட்ரோல் போர்டின் முனைகளில் பச்சைப் பாசிபோலக் களிம்பு. ஆனால் மோட்டாரைத் தனியாகக் கழற்றிக் கரண்ட் கொடுத்ததும் சத்தமே இல்லாமல் சுற்றியது. கியர் பெட்டியும் நன்றாக இருந்தது. உடம்புதான் போயிருக்கிறது, உயிர் இருக்கிறது.

அப்போதுதான் கோம்பை மெஷின் ஞாபகம் வந்தது. அதே கம்பெனி, அதே அளவு. கோம்பையில் ஒரு விவசாயி வீடு. அந்த அண்ணன், மனைவி ஊருக்குப் போயிருந்த நேரத்தில், நெல் பிடித்த சாக்குகளை மெஷினில் போட்டுத் துவைத்திருக்கிறார். நார் சுற்றி மோட்டார் எரிந்து, கியர் பெட்டியும் உடைந்துவிட்டது. நான்தான் போய்ப் பார்த்துக் கையை விரித்துவிட்டு வந்தேன். மற்றபடி அந்த மெஷின் வெளியே பளபளவென்று புதுசுபோல இருந்தது.

மறுநாளே கோம்பைக்குப் போனேன். மெஷின் கூடத்து மூலையில் நின்றது. சொட்டுநீர்க் குழாய்த் துண்டுகளை அதற்குள் போட்டு வைத்திருந்தார் அண்ணன்.

"அது நல்ல மெஷின்மா. என்னைக்காவது ஓடும்" என்றார்.

"எப்ப, அடுத்த சாக்கு போடுறப்பவா?" என்று உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது.

"சாக்கு என்ன, துணியில்லையா?" என்றார் அவர், என்னைப் பார்த்து, நியாயம் கேட்பவர் மாதிரி.

மதினி வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். மோந்து பார்த்தார். "ஏத்தா, உன் மேல என்ன கருவாட்டு வாசம்?"

கதையைச் சொன்னேன். மதினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பாதிக் கருவாட்ட இங்கன குடுத்துட்டு மெஷினத் தூக்கிட்டுப் போ. இதப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுது." அண்ணன் வாயைத் திறந்தார். மதினி திரும்பிப் பார்த்தார். அண்ணன் குழாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தார்.

இந்தச் சேதியைப் போனில் சொன்னதுதான் தாமதம், அக்கா பஸ் ஏறி வந்துவிட்டாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை, மாமியாருக்கு முழங்கால் வலி என்று வருஷக் கணக்கில் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்காதவள், மெஷினுக்காக வந்து இறங்கினாள். வந்ததும் காபிகூடக் குடிக்காமல் கடைக்குப் போய், பிரித்துப் போட்டிருந்த தன் மெஷினைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"நான் ஒழுங்காப் பாத்துக்கலன்னு அத்தை சொல்லிக்கிட்டே இருந்தாக. தினமும் துடைச்சேன்டி. ஒருநாள் தவறாம ஈரத்துணி போட்டுத் துடைச்சேன்."

"எந்தத் தண்ணியில துடைச்ச?"

"போர் தண்ணியிலதான்."

"உங்க வீட்டுப் போர் தண்ணி வாயில வைக்க முடியுமா?"

"ஐயோ, உப்புக் கரிக்கும்" என்று சொன்னவள் அப்படியே நின்றாள். கை வாய்க்குப் போயிற்று. "அப்ப நானே தினமும் உப்பத் தடவி விட்டிருக்கேனா?"

அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டினேனேடி!" நானும் சிரித்தேன். வெளியே மோட்டாரோடு போராடிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மோட்டாரிடமே திரும்பினார்.

வேலையை இரண்டு பேருமாகத்தான் செய்தோம். அக்கா மெஷினின் கியர் பெட்டியை வெளியே எடுக்க, தொட்டியின் நடுவில் துணியைச் சுழற்றுகிற தட்டைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கிற ஒற்றை ஸ்க்ரூதான் பெரிய சண்டைக்காரன். எண்ணெய் விட்டு ஒரு பகல் ஊறவைத்தோம். அசையவில்லை. சூடு காட்டினோம். அசையவில்லை. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியைக் கட்டிப் பிடித்தாள், நான் ஸ்பானரில் என் பாரம் முழுவதையும் போட்டேன். 'டக்'கென்று விட்டது. நான் ஒரு பக்கம், தொட்டியும் அக்காவும் ஒரு பக்கம். விழுந்த இடத்திலிருந்தே, "வந்துருச்சாடி?" என்று கேட்டாள். வந்திருந்தது. சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஒரு வேலையும் சேர்ந்து செய்ததாக ஞாபகம் இல்லை. அவள் வீட்டு வேலை பார்ப்பாள், நான் அப்பாவோடு தோட்டத்தில் திரிவேன்.

கோம்பை மெஷினின் உடம்பும் போர்டும், தூத்துக்குடி மெஷினின் மோட்டாரும் கியர் பெட்டியும் சேர்ந்தன. வயர் முனைகளுக்குக் கிரீஸ் தடவினேன். அடித் தகட்டுக்கு இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்தேன். பின்பக்கத்துக்குத் துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டேன். போர்டை ஈரக்காற்று தொடாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்தேன். தண்ணீரைத் திறந்து பட்டனை அழுத்தினேன். அக்காவின் சேலைகள் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தன. நாங்கள் இருவரும் மூடியின் கண்ணாடி வழியாக, சினிமா பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த நேரம் பார்த்து கோம்பை மதினி வந்தார். கம்பத்துக்குச் சாமான் வாங்க வந்தவர், கடையை எட்டிப் பார்க்க வந்திருக்கிறார். ஓடுகிற மெஷினைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இது என் மெஷினுல்ல? ஓடுது?"

எனக்குத் திக்கென்றது. திரும்பக் கேட்டால் என்ன சொல்வது? அக்காதான் முந்திக்கொண்டாள். "வாங்க மதினி. உங்க மெஷின்தான். நான் கொண்டு போறதுக்கு முந்தி ஒருதரம் நீங்க துவைச்சுக்கிட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்."

மதினி அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த நாள் காலையில் ஷேர் ஆட்டோவில் நான்கு போர்வை, இரண்டு ஜமுக்காளத்தோடு வந்து இறங்கினார். மெஷின் ஓடி முடிகிற வரைக்கும் மதினியும் அக்காவும் கடை வாசலில் உட்கார்ந்து, ஒருவர் மாமியாரைப் பற்றியும் மற்றவர் வீட்டுக்காரரைப் பற்றியும் பேசித் தீர்த்தார்கள். போகும்போது மதினி மெஷினின் மேல் கையை வைத்துத் தடவிவிட்டு, "போயிட்டு வா" என்றார். மெஷினுக்குச் சொன்னாரா, அக்காவுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. அடுத்த தீபாவளிக்கு அண்ணன் அவருக்குப் புது மெஷின் வாங்கிக் கொடுத்தார். சாக்கைக் கையில் எடுத்தாலே வீட்டில் சண்டை என்று கேள்வி.

மெஷின் திராட்சைப் பெட்டிகளோடு தூத்துக்குடிக்குத் திரும்பியது. அக்காவிடம் சொல்லி அனுப்பினேன்: கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து தள்ளி வை. குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒரு துடை. துவைத்து முடித்ததும் மூடியைத் திறந்து காயவிடு. காயாமல் உறை போட்டு மூடாதே. ஸ்க்ரூக்களுக்கு அவ்வப்போது கொஞ்சம் கிரீஸ் வை. சொன்னதையெல்லாம் செய்தாள் போலிருக்கிறது, மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது.

கொஞ்ச நாள் கழித்து அவளுடைய மாமியார் போன் பண்ணினார். என்னிடம் அதுவரை அதிகம் பேசாதவர்.

"ஏம்மா, எங்க வீட்டு பிரிட்ஜையும் அந்தத் திராட்ச வண்டியில ஏத்தி அனுப்பட்டா? கீழ்ப்பக்கம் பூரா துருவாப் போச்சு. இங்க தெருவுல அஞ்சாறு பேரு உன்னத்தான் கேக்காவ."

"அனுப்பிராதீக அத்தை, நானே வாரேன்" என்றேன்.

பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் டூல்ஸ் பையோடு போனேன். முதல் நாளே மூன்று மெஷின்களைத் திறந்து பார்த்தாகிவிட்டது. அக்கா எனக்கு முன்னால் வீடு வீடாக நுழைந்து, "எந்தத் தண்ணியில துடைக்கீக?" என்று கேட்டு, பதில் வருவதற்கு முன்பே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் முழங்கால் வலியை மறந்து எங்கள் பின்னாலேயே வந்தார். சாயங்காலம் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, வர இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றேன்.

"அம்புட்டு வேலையா அங்கன?"

"ஆமா, நெறைய கெடக்கு" என்றேன். பாதி நிஜம். பக்கத்தில் அக்கா சத்தம் வராமல் சிரித்தாள்.