ஃப்ரீசருக்கு ஓய்வு கொடுத்த ஆயுத பூஜை

விஜயதசமி அன்று காலை செங்கல்பட்டில் எங்கள் லேபைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மைனஸ் எண்பது ஃப்ரீசரின் கதவில் வைத்திருந்த சந்தனமும் குங்குமமும்தான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் எப்போதும் உறுமிக்கொண்டே இருக்கும் ஃப்ரீசர் அன்று மூச்சே விடவில்லை. சுவரில் ஸ்விட்ச் ஆஃப்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. நான் லேப் டெக்னீஷியன். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களின் கட்டித் துண்டுகளை வருடக்கணக்கில் சேர்த்து அந்த ஃப்ரீசருக்குள்தான் வைத்திருந்தோம். மாமல்லபுரம் பக்கம் மீன் விற்கும் ரெஜினா அக்காவின் துண்டும் அதில் உண்டு. "எடுத்துக்கோ கண்ணு, எனக்கு இன்னாத்துக்கு அது?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஜீன்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆனால் எது மும்முரமாக வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பது கட்டிக்குக் கட்டி மாறும். வேலை செய்கிற ஜீன் ஆர்.என்.ஏ. என்ற நகலை எடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நகலை அளந்தால் ஜீனின் சுறுசுறுப்பு தெரியும். யார் கட்டியில் எந்த ஜீன் சுறுசுறுப்பு, அவர் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார் என்று இரண்டையும் பொருத்திப் பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஆர்.என்.ஏ. மாதிரி தொட்டாற்சிணுங்கி கிடையாது. கட்டி உருகினால் எல்லாம் போச்சு. கொடுத்தவர்களில் சிலர் இறந்தே போயிருந்தார்கள். மறுபடி யாரிடம் போய்க் கேட்பது?

போன் செய்ததும் எங்கள் தலைமை விஞ்ஞானி மேடம், அட்டெண்டர் ஏழுமலை அண்ணனையும் ஏற்றிக்கொண்டு பறந்து வந்தார்.

"யாரு இத ஆஃப் பண்ணது?"

"நான்தாம்மா," என்றார் ஏழுமலை அண்ணன். "பூஜ போட்டுட்டு எல்லா மிஷினுக்கும் ஒரு நாள் ரெஸ்ட்டு குடுன்னு நீங்கதானே சொன்னீங்க? இது மட்டும் கத்திகினே இருந்துச்சு. அலாரத்தயும் அமுத்திட்டேன்."

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். சொன்னது அவர்தான்.

ஸ்விட்சைப் போட்டோம். கம்ப்ரஸர் எடுக்கவில்லை. பேட்டரியில் ஓடும் டிஸ்ப்ளேயில் மைனஸ் நாற்பதைத் தாண்டிச் சூடு ஏறிக்கொண்டிருந்தது. "கதவ யாரும் தொடாதீங்க!" என்று மேடத்தையும் சேர்த்து அதட்டினேன். ஃப்ரீசரைவிடப் பல மடங்கு குளிரான திரவ நைட்ரஜன் இருந்தால் தப்பிக்கலாம். சென்னையில் சப்ளை செய்கிறவர் போனை எடுக்கவே இல்லை, விடுமுறை.

அப்போதுதான் எங்கள் வீட்டு மாடு ஞாபகத்துக்கு வந்தது. நான் கருங்குழிக்காரி. மாட்டுக்குச் சினை ஊசி போட வரும் தேவராஜ் அண்ணன், காளையின் விந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜன் கேனில்தான் போட்டு வைத்திருப்பார். மதுராந்தகத்தில் வீடு.

"மேடம், சினை ஊசி கேன்!" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த நொடி கார் சாவி அவர் கையில் இருந்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் வாழைக்கன்று கட்டிய லாரிகளுக்கு நடுவே மேடம் மாருதியை விரட்டிய விரட்டில் எனக்குப் பயத்தைவிடக் குஷிதான் அதிகம். அவர் இப்படி ஓட்டுவார் என்று யாருக்குத் தெரியும்!

தேவராஜ் அண்ணன் லுங்கியோடு வெளியே வந்தார். "இன்னாம்மா, லீவு நாள்ல? மாடு கத்துதா?" சினைக்கு வந்த மாடு கத்தினால்தான் அவரைத் தேடி ஆள் வரும்.

"மாடு இல்லண்ணே. கேன்சர் கட்டி."

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. குச்சிகளையெல்லாம் சின்ன கேனுக்கு மாற்றிவிட்டுப் பெரியதைக் காரில் ஏற்றினார். "ரொம்பி கீது, எடுத்துனு போ. கண்ணாடி அல்லாத்தயும் எறக்கி வுடு. பொகை மூச்ச அடைச்சிடும். இது திரும்பி வர்ற வரைக்கும் ஊர்ல ஒரு மாடும் கத்தக் கூடாதுன்னு வேண்டிக்கோ."

லேபுக்குத் திரும்பியதும் ஃப்ரீசரைத் திறந்து, துண்டுகள் இருந்த சின்னக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கேனுக்குள் இறக்கினோம். ஏழுமலை அண்ணன் வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். மறுநாள் சிலவற்றை எடுத்து ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். ஆர்.என்.ஏ. கெடாமல் இருந்தால் இரண்டு பட்டை தெளிவாகத் தெரியும். கெட்டிருந்தால் வெறும் தீற்றல்தான். புற ஊதா விளக்கைப் போட்டேன். பளிச்சென்று இரண்டு பட்டை! நான் போட்ட கூச்சலில் ஏழுமலை அண்ணன் ஓடி வந்தார். "பொழச்சிகிச்சா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே அழுதார்.

அந்தத் துண்டுகளிலிருந்து கிடைத்த வரைபடம்தான் என் பணி வாழ்க்கையிலேயே நான் ரசித்துப் பார்த்த படம். சில ஜீன்கள் அடங்கியிருந்தவர்களுக்கு ஒரு கோடு, அதே ஜீன்கள் துள்ளியவர்களுக்கு ஒரு கோடு. ஒருவர் இறந்தால் அவர் சேர்ந்திருக்கும் கோடு ஒரு படி இறங்கும். தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டும் வருடம் போகப் போக விலகி, அடங்கியிருந்தவர்களின் கோடு மேலேயே நின்றது. மேடம் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஒரு லேபின் படத்தை வைத்து யாருக்கும் ஆயுள் சொல்லிவிட முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

நான் கற்ற பாடம் சின்னது. பொதுவாகச் சொல்லும் உத்தரவு எல்லா மிஷினுக்கும் பொருந்தாது. இப்போதும் ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு ஃப்ரீசருக்குத்தான். ஆனால் ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் கற்பூரமே ஏற்றுவோம்.

பரிசோதனைக்கு வந்த ரெஜினா அக்காவுக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"இதுல நான் எங்க கீறேன் கண்ணு?"

நாங்கள் பெயர் வைத்துக்கொள்வதில்லை, நம்பர்தான். "எந்தக் கோடுன்னு எனக்கே தெரியாதுக்கா. ஆனா எறங்காத எடத்துல எல்லாம் நீங்க கீறீங்க."

"அப்போ எறங்காம பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.